மேகம் கறுத்தால் அள்ளும் கை

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு என் கட்டைவிரல் போன் திரையை விட்டு நகர மறுத்தது.

மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே பங்குச் சந்தை ஆப்பைத் திறந்திருந்தேன். திரை முழுக்கச் சிவப்பு. ஐந்தே நிமிடத்தில் பதினோராயிரம் ரூபாய் இறங்கிவிட்டது. டியூஷன் எடுத்து மாதாமாதம் ஒதுக்கிய பணம்... மகள் காலேஜ் போகும்போது எடுக்க வேண்டியது. அவளுக்கு இப்போது வயது நான்கு.

பதினான்கு வருடம் கழித்துத் தேவைப்படும் பணத்தை ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை பார்ப்பவள் நான். என்ன செய்ய?

ஏற்கெனவே இரண்டு முறை இப்படிப் பதறி விற்றிருக்கிறேன். இரண்டு முறையும் மறுவாரமே விலை ஏறியது. இரண்டாவது முறை கணவர் திட்டவில்லை. "இன்னொரு தடவை பயந்து வித்தேன்னா இந்தக் கணக்கையே மூடிருவோம்மா. உனக்கும் நிம்மதி வேணும்ல" என்றார். திட்டியிருக்கலாம்.

அதாவது, இந்த முறை விற்றால் மகளின் காலேஜ் திட்டம் அதோடு சரி. தெரிந்தும் விரல் 'விற்க' பட்டன் மேல்தான் நின்றது.

என் நாத்தனார் செல்வி சிவகாசிப் பக்கம் பட்டாசு கம்பெனியில் வேலை செய்கிறாள். மழை என்று வேலையில்லாததால் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள்.

"என்ன மதினி, புள்ள வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கா. நீங்க போனுக்கு ஊட்டுறீக?"

விஷயத்தைச் சொன்னேன். என் நியாயத்தையும் சொன்னேன். நான் சிவகாசியில் பிறந்தவள். அம்மா வேலை பார்த்த கம்பெனியில், மேகம் கறுத்தால் சோற்றில் கை வைத்தவர்கள்கூட எழுந்துவிடுவார்கள். காயப்போட்ட வெடிகளை முதல் ஆளாக அள்ளுகிறவள்தான் கெட்டிக்காரி. யோசித்து நின்றால் சரக்கு நாசம். சந்தையிலும் அந்தக் கைதானே வேலை செய்யும்?

செல்விக்குப் பங்குச் சந்தை தெரியாது. தட்டை என்னிடமிருந்து வாங்கி மகளுக்கு ஒரு வாய் ஊட்டினாள்.

"வெளிய காயுறதைத்தான மதினி அள்ளணும்? தீபாவளிக்குன்னு குடோன்ல வச்சதை, மழை வருதுன்னு எவளாச்சும் வெளிய தூக்கிப் போடுவாளா?"

கட்டைவிரலைத் திரையிலிருந்து எடுத்தேன்.

ஆனாலும் சந்தேகம் என் கூடப் பிறந்தது. ஒவ்வொரு பங்கையும் ஏன் வாங்கினேன் என்று எழுதி வைத்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். காரணம் எதுவும் மாறவில்லை. விலை மட்டும்தான் மாறியிருந்தது. அடியில் ஒரு வரி சேர்த்தேன் — இனி விற்கிற முடிவெல்லாம் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்த பிறகுதான். அன்றைக்குச் சந்தையும் கிடையாது, சிவப்பும் கிடையாது.

பதற்றம் போய்விட்டதா? எங்கே! பதினொரு மணிக்குக் கை மறுபடியும் போனைத் தேடியது. போனை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, துவைத்த துணியையே இன்னொரு முறை அலசினேன். பயமே இல்லாதவர்களுக்குத்தான் பொறுமை வரும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பயந்துகொண்டே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கும் அதே பெயர்தான் போலிருக்கிறது.

சாயங்காலம் கணவர் வந்தார். செய்தி பார்த்திருப்பார் போல. செருப்பைக் கழற்றும் முன்பே, "நம்மளது எம்புட்டு இறங்கியிருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

தெரியாது என்றேன்.

சத்தியமாகத் தெரியாது!