புருவத்துக்குக் கீழே ஓர் இடம்

எனக்குத் தலைவலி என்றால் எங்கள் வீட்டில் முதலில் மிளகாய் வத்தல் மூட்டையைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். கோவில்பட்டிப் பக்கம் எங்களுக்குக் கரிசல் நிலம் இருக்கிறது. அதில் விளையும் மிளகாயைக் காயவைத்துக் காம்பு கிள்ளுவது என் வேலை. குனிந்து கிள்ள ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் வலது கண்ணுக்கு மேலே, மூக்கை ஒட்டின மூலையில், சாக்குத் தைக்கும் கோணூசியை விட்டு நெம்புவது போல வலிக்கும். அப்புறம் கண்குழியைச் சுற்றி நெற்றிக்கும் உச்சிக்கும் ஏறும். நிமிர்ந்து நேரே பார்த்தால் மெல்லக் குறையும்.

அதுதான் எனக்கு வினையாகிவிட்டது.

"வத்தலைக் கண்டா வருது, டிவியைக் கண்டா போகுது. நல்ல வலிதான்!" என்று மருமகள் வாசலில் நின்று சொல்வாள். அடுத்த வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? "பெரியம்மா, எனக்கும் அந்த வலி கிடைக்குமா? பாத்திரம் தேய்க்கையில வந்தாப் போதும்" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஆள் முன்னால் பேச எனக்கு வாய் வராது.

எங்கள் பக்கத்தில் தலைவலிக்காரி வெறும் நெற்றியோடு ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டாள். போனால் நோவில்லாமல் வந்தவள் போலத் தெரியுமாம். மருமகள் சுக்கை உரசி, புருவம் மறைய என் நெற்றியில் அப்பிக் கூட்டிப்போவாள். டாக்டர் அந்தச் சுக்குப் பற்றைப் பார்ப்பார். நான் வாயைத் திறக்குமுன் அவள் சொல்லிவிடுவாள்: "இவியளுக்கு நெத்தி பூரா வலி சார். வயசாயிட்டுல்லா." ஒருவர் பிரஷர் பார்த்து மாத்திரை எழுதினார். இன்னொருவர் கண்ணாடியை மாற்றச் சொன்னார். ஒருவரும் என்னைத் தொட்டுப் பார்க்கவில்லை. மாத்திரையில் வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

கடைசியில் மகன் சொன்னான். "கண் டாக்டரை ஒருக்கப் பாப்போம். அங்கயும் ஒண்ணுமில்லன்னா மனசு டாக்டர்ட்டதாம்மா போகணும்."

பெற்ற மகனே என்னைப் பைத்தியக்காரி என்று தீர்மானித்துவிட்டான். அன்றைக்கு அவன் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு டாக்டரம்மா. கடுகடுத்த முகம். "நெத்தி பூரா அப்பிட்டு வந்தா நான் எங்க பாக்க?" என்று நர்ஸிடம் துடைக்கச் சொன்னார். மருமகள் ஆரம்பித்தாள்.

"இவியளுக்கு நெத்தி..."

"வலி உங்களுக்கா, அவங்களுக்கா? பேசாம நில்லுங்க."

அவள் முகம் செத்துப்போனது. எனக்கு மனசு குளிர்ந்தது.

முதலில் கண்ணுக்குள் பிரஷர் பார்த்தார், விளக்கடித்துப் பார்த்தார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். கூட வந்திருந்த மகன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் ஆறவில்லை. அதற்குள் டாக்டரம்மா கண்குழியின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தார். புருவத்துக்குக் கீழே அந்த உள்மூலையில் அழுத்தினார். நான் கத்தியதில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா கையைத் தட்டிவிட்டிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

"கீழ குனிஞ்சு பாத்தா கூடுதா?"

தலையை ஆட்டினேன்.

"கண்ணைத் திருப்புற தசைநார் ஒண்ணு இங்க ஒரு வளையத்துக்குள்ள ஓடுது, கிணத்து உருளையில கயிறு ஓடுற மாதிரி. அந்த இடம் வீங்கியிருக்கு. தலையில நோவில்ல. இங்கதான்." அந்த இடத்திலேயே மருந்து ஊசி போட்டால் வீக்கம் வற்றும் என்றார்.

"கண்ணுகிட்ட ஊசியா?" மருமகள் பதறினாள். "கண்ணு போயிட்டா யார் வச்சுப் பாக்க? மாத்திரையே போதும் மேடம்." மகனும் "ஆமா மேடம், யோசிச்சுட்டு வாரோம்" என்று எழுந்தான்.

"நீங்க போங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "டாக்டரம்மா, எனக்குப் போடுங்க. நோவு எனக்குல்லா."

ஊசி ஏறும்போது உயிர் போய் வந்தது. நாளாக ஆக வலி வற்றியது. கொஞ்ச நாளைக்குக் குனிந்து செய்யும் வேலை கூடாது என்று டாக்டரம்மா மகனிடம் கண்டித்துச் சொல்லியிருந்தார். மருமகள் முணுமுணுத்துக்கொண்டே மூட்டையை அவிழ்த்துத் தானே உட்கார்ந்தாள். "நாந்தான் இவியளைக் கண் டாக்டர்ட்ட கூட்டிப் போனேன்" என்று அடுத்த வீட்டுக்காரியிடம் பெருமை வேறு. மகனும் மருமகளும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தப்பாக நினைத்துவிட்டோம் என்று.

மறுபடி காட்டச் சொன்ன நாளில் மகன் ஆட்டோ கூப்பிட்டான். வேண்டாம் என்று டவுன் பஸ் ஏறித் தனியாகப் போனேன். என் நோவைச் சொல்ல அவர்கள் யாரும் வரவேண்டாம்.