மாத்திரையால் மறைத்த காய்ச்சல்

கொரோனா காலத்தில் ஒருநாள் என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. டயாலிசிஸ் தள்ளிப்போனதில் ஏற்கெனவே அவருக்கு மூச்சு வாங்கியது. காய்ச்சலென்றால் நாங்கள் குடியிருந்த ஹடப்சரின் டயாலிசிஸ் மையத்தில் உள்ளே விடமாட்டார்கள் என்று பயந்து, மாத்திரை கொடுத்து வாசல் சோதனையைத் தாண்டவைத்தேன்.

உள்ளே, டயாலிசிஸுக்காகப் பக்கத்துப் படுக்கையிலிருந்த பெண், "பாய்சாப் டீக் ஹைன் நா?" என்று, அண்ணன் நலம்தானே என இந்தியில் அன்பாக விசாரித்தாள்.

கணவர் என் கையைப் பிடித்தார். "சொல்லிடும்மா. அவங்களும் என்னை மாதிரிதானே?"

நர்ஸிடம் அழுதபடியே சொன்னேன். அவர் திட்டிவிட்டு எங்களை வெளியே உட்காரவைத்தார். கணவருக்கு மூச்சிரைப்பு கூடக்கூட, உண்மையைச் சொல்லி நானே அவரைக் கொன்றுவிட்டேனோ என்று அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

மாலையில் மற்ற நோயாளிகள் எல்லோரும் போனபின் நர்ஸ் கவச உடையில் வந்து, "அந்தர் ஆயியே" என்று உள்ளே கூப்பிட்டார். முதலிலேயே சொல்லியிருந்தாலும், இப்படிக் கடைசியில் தனியாக டயாலிசிஸ் செய்திருப்பாராம்.

கணவர் பிழைத்தார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் உயிரைப் பணயம் வைத்தேனே என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.