வார்டனோடு போன தீவுப் பயணம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்சை ஃபிரேமுக்குத் தகுந்தபடி தேய்த்து எடுப்பது அவள் வேலை. எதைக் கையில் கொடுத்தாலும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள் என்பதால் கடையில் அவளுக்கு ‘லென்சு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஜன்னல் இல்லாத அறை. காலையில் மெஷினைப் போட்டால் சாயங்காலம் வரை காதுக்குள் இரைச்சல், நகக்கண்ணில் வெள்ளைத் தூள். சாப்பாட்டு நேரத்தில் கைபேசியில் அவள் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: முதுகுப் பையை மாட்டிக்கொண்டு தேசம் தேசமாகத் திரிகிற பெண்கள் போடும் படங்கள். கூரை போன கோயில்கள், தலை போன சிலைகள், வெயிலில் மினுங்கும் தீவுகள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவையாவது அப்படிப் போய்விட வேண்டும் என்று மனசுக்குள் முடிந்து வைத்திருந்தாள்.

அவளுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை ஏசி மெக்கானிக். அதிகம் பேசமாட்டான், குரலை உயர்த்த மாட்டான். அவளுக்கு அதுவே பிடித்திருந்தது. அவன் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேச அவனுக்கு ஓர் அக்கா இருந்தாள். பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன். தாய் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் என்பதால் அவளைக் கேட்காமல் அவன் சட்டை கூட எடுக்கமாட்டான். பயணத்தைப் பற்றி லென்சு சொன்னபோது யோசித்துவிட்டு, “போயிட்டு வா, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அக்காவும் கூட வரட்டும்” என்றான். வேண்டாம் என்றால் பயணமே போய்விடும் என்று லென்சு தலையாட்டினாள். அங்கேதான் சறுக்கினாள்.

விமான நிலையத்திலேயே தொடங்கிவிட்டது. லென்சு முதுகுப் பையோடு வந்து நின்றாள். வார்டன் ஓர் ஆள் உள்ளே படுத்துத் தூங்கலாம் போன்ற சக்கரப் பெட்டியோடு வந்தாள். லென்சின் பையைப் பார்த்து, மூட்டை தூக்குகிறவள் மாதிரி இருக்கிறது என்றாள். இறங்கின ஊரில் பழைய தெருக்கள் முழுக்கக் கல் பாவியிருந்தது. தங்கும் விடுதி மேட்டில் இருந்தது. பாதிப் படியில் பெட்டியின் ஒரு சக்கரம் கழன்று உருண்டு ஓடியது. அப்புறம் பெட்டியைச் சுமந்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை. முதுகில் ஒன்று, கையில் ஒன்று என்று லென்சு மூச்சு வாங்க ஏற, கைப்பையை மட்டும் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்த வார்டன், மெதுவாக வா, பெட்டி அடிபடப் போகிறது என்று சொல்லிக்கொண்டே போனாள்.

வரிசையாக அடுக்குக் கட்டில் போட்ட பொது அறை. வார்டனுக்கு அதைப் பார்த்ததும் வேலைக்கு வந்த மாதிரியே ஆகிவிட்டது. யாரோ வெளிநாட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டிருக்க, போய் விளக்கை அணைத்தாள். லென்சு மேல்கட்டிலில் படுக்க ஆசைப்பட்டாள். விழுந்து தொலைத்தால் தம்பிக்கு யார் பதில் சொல்வது என்று வார்டன் கீழே இறக்கிவிட்டாள். இருவருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டாள். பத்திரமாக இருக்குமாம்.

மறுநாள் இடிபாடுகளுக்குப் போனார்கள். மலைச்சரிவைக் குடைந்து கட்டிய பழைய அரங்கம். படிப்படியாகக் கல் இருக்கைகள், கீழே வட்டமான தளம், அதற்கப்பால் கடல். யார் யாரோ உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுவென்று தேய்ந்துபோன கல்லைத் தடவிக்கொண்டு லென்சு வாயடைத்து உட்கார்ந்திருந்தாள். வார்டன் குடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

“இடிஞ்சு கெடக்கறதப் பாக்கவா இவ்வளவு தூரம்? எங்க ஹாஸ்டல் பின்பக்கச் சுவரும் இப்படித்தான் கெடக்கு. அதுக்கு டிக்கெட் கூட இல்ல.”

லென்சு கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை. பதில் வராதது வார்டனுக்கு எரிச்சலைக் கிளப்பியது. கால் வலிக்கிறது, தலை வலிக்கிறது என்று உடனே கிளப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டு, இந்தப் பெண்ணுக்குப் பெரியவர்களை மதிக்கத் தெரியவில்லை என்று லென்சு பக்கத்தில் இருக்கும்போதே சொன்னாள். தினமும் அப்படி ஒரு போன். எந்தப் பெண்ணோடு பேசினாள், எவ்வளவு கை தெரிகிற சட்டை போட்டாள், எல்லாம் போகும். கொஞ்ச நாளில் லென்சுக்கு அந்தக் குரல் கேட்டாலே பல் கூசியது. வார்டன் தூங்கும்போது விடுகிற குறட்டையைக் கூட வேண்டுமென்றே விடுவதாக நினைக்க ஆரம்பித்தாள். லென்சும் சும்மா இருக்கவில்லை. வேண்டுமென்றே வேகமாக நடந்தாள். வழி தெரிந்தும் சொல்லாமல், வார்டன் தப்பான பஸ் நிறுத்தத்தில் வெயிலில் காய்வதை எதிர்ப்பக்க நிழலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

இப்படிக் கடித்துக் குதறிக்கொண்டே தீவுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் தீவில் கடைகளும் கூட்டமும்தான். தூரத்துத் தீவு ஒன்றில் மனிதர்களே அதிகம் இல்லை, குன்றின்மேல் தூண்கள் மட்டும் நிற்கின்றன என்று படித்திருந்தாள் லென்சு. அவள் இந்தப் பயணத்துக்கு ஏங்கியதே அந்தத் தூண்களுக்காகத்தான். காலையில் வார்டனைத் துறைமுகத்துக்குக் கூட்டிவந்து டிக்கெட் வரிசையில் நின்றாள். டிக்கெட்டுக்குப் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். கேட்டாள். வார்டன் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கு ஊருக்குக் கிளம்பலாம், போதும் என்றாள்.

லென்சு பொறுமையாகத்தான் சொன்னாள். இன்னும் லீவு இருக்கிறது, அது முடிந்தால் மறுபடி கடை, மறுபடி மெஷின், இந்த ஒரு தீவை மட்டும் பார்த்துவிடுகிறேன் என்றாள்.

“எந்தக் கடைக்குப் போகப்போற?” என்றாள் வார்டன்.

லென்சுக்குப் புரியவில்லை.

“உங்க முதலாளிகிட்ட நான் சொல்லியாச்சு, இனிமே நீ வரமாட்டேன்னு. கல்யாணத்துக்கப்புறம் ஹாஸ்டல்ல எனக்கு ஒத்தாசையா இரு. வீட்டுப் பொண்ணு இருக்கும்போது வெளி ஆளை எதுக்கு வைக்கணும்?”

லென்சு அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் செய்தாள். அவர் சங்கடப்பட்டார். மாப்பிள்ளை வீட்டிலிருந்தே வந்து சொன்னதால் நம்பி வேறு ஆளைப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அடுத்து மாப்பிள்ளைக்குப் போட்டாள். இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். “அக்கா எது செஞ்சாலும் நம்ம நல்லதுக்குத்தான் செய்யும். இப்ப அங்க சண்டை போடாத” என்றான்.

போனை அணைத்துவிட்டு வார்டன் பக்கம் திரும்பினாள். படகு சங்கு ஊதியது. “பாஸ்போர்ட்டக் குடுங்க” என்றாள். வார்டன் கடலைப் பார்த்தாள். லென்சு குனிந்து கைப்பையின் வாரைப் பிடித்தாள். வார்டன் விடவில்லை. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் பையை இழுத்தார்கள். பெட்டி கவிழ்ந்தது, வார்டன் உட்கார்ந்தபடியே சரிந்தாள், வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிக்கெட் கொடுக்கிற பெண் வெளியே வந்து என்ன என்று கேட்டாள். பாஷை தெரியாவிட்டாலும் ஜாடை போதுமாக இருந்தது. அவள் காவலரைக் கூப்பிடப் போவதாகத் தெரிந்ததும் வார்டன் ஜிப்பைத் திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்து லென்சின் காலடியில் வீசினாள்.

“போ. ஆனா எங்க வீட்டு வாசல மிதிக்க முடியாது.”

“நான் வரல” என்றாள் லென்சு. குனிந்து பொறுக்கிக்கொண்டு படகு ஏறினாள். படகு நகர்ந்தபோது வார்டன் கையை வீசிக் கத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

நினைத்த மாதிரி அந்தத் தீவு இனிக்கவில்லை. தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து, சொல்லாமல் விட்டதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லித் திட்டினாள். பக்கத்தில் வந்த தம்பதி ஒதுங்கிப் போனார்கள். தோள் உரிந்து எரிந்தது. சில நாள் கழித்துத்தான் கோபம் அடங்கிக் கண் திறந்தது. கல்லில் உளிபட்ட தடம் தெரிந்தது, கீழே தண்ணீர் பாறைக்குப் பாறை நிறம் மாறுவது தெரிந்தது. லீவு முடியும்வரை அங்கேயே இருந்தாள்.

ஊருக்கு வந்தபோது அவளுக்கு முன்னால் செய்தி வந்திருந்தது. வயதில் மூத்தவளை அந்நிய தேசத்தில் தள்ளிவிட்டு ஓடியவள் என்று பேச்சு. லென்சின் அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டால் கல்யாணம் நடக்கும் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. மாட்டேன் என்று திருப்பி அனுப்பினாள். அம்மா பல மாதம் அவளோடு பேசவில்லை; ஒரே வீட்டில் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

பழைய முதலாளி கூப்பிடவில்லை. லென்சு நேராக எதிர்ப்பக்கத்துக் கண்ணாடிக் கடையில் போய் வேலை கேட்டாள், கிடைத்தது. அங்கேயும் ஜன்னல் இல்லை.

ஒருநாள் மாப்பிள்ளை அந்தக் கடைக்கு வந்தான். அக்கா சார்பில் தானே மன்னிப்புக் கேட்பதாகவும், அதை மட்டும் அக்காவிடம் சொல்லிவிடக் கூடாது என்றும் சொன்னான். லென்சு மெஷினை நிறுத்தவில்லை.

“உங்க அக்காவைத் தள்ளிவிட்டதுல எனக்கு வருத்தம் இல்ல. நீங்க கூட வந்திருந்தா உங்களையும் விட்டுட்டுதான் படகு ஏறியிருப்பேன். கடைல ஆள் வர்ற நேரம், கிளம்புங்க.”

அவன் போய்விட்டான். லென்சு கையிலிருந்த லென்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரம் கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்துவிட்டிருந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, வேறொன்றை எடுத்தாள்.