நன்றியுரைக்குப் பிறகு

பாடசாலையில் போன கூட்டத்துக்கு வந்திருந்த அதிகாரி கதிரையில் சரியாக உட்காருவதற்குள் நான் எழுந்து பேசிவிட்டேன் என்று உங்கள் இரண்டு பேருக்கும் வெட்கம். "எல்லாரும் சிரிச்சாங்கப்பா. அவருக்கு இன்னும் டீ கூட குடுக்கல்ல" என்றாள் சின்னவள். தம்பி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். அதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் அக்கா பக்கத்தில் இருந்தாள். அவளை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

நீங்கள் படிக்கிற பாடசாலையில் அப்போது பதினோராம் வகுப்பு முடித்து உயர்தரம் போகிறவர்களுக்குக் கலைப் பிரிவு மட்டும்தான். விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளை கண்டிக்கோ நாவலப்பிட்டிக்கோ போக வேண்டும். அக்கா சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தவள். அவளுக்கு உயிரியல் படிக்க ஆசை. தவளைப் படத்தை வரைந்து சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். உங்கள் அம்மா அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சம்பல் இடிப்பாள். கண்டியில் கேட்டோம், இடமில்லை என்றார்கள். நாவலப்பிட்டியில் இடம் தந்தார்கள். ஆனால் அங்கே அவளைத் தங்க வைக்க நமக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. நம் பாடசாலையிலேயே விஞ்ஞானப் பிரிவு திறக்க வேண்டும்.

அதற்காகத்தான் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயற்குழுவில் சேர்ந்தேன். கூட்டம் ஆறாம் வகுப்பில் நடக்கும். பெரிய மனிதர்கள் எல்லாரும் சின்னப் பிள்ளைகளின் வாங்குகளில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருப்போம். முதலில் தேவாரம். பகுதியில் யாராவது இறந்திருந்தால் மௌன அஞ்சலி. பிறகு சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பார்கள். "திருத்தம் இருக்கா?" என்று அதிபர் கேட்பார். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் என்று நிரந்தரமாக இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வராவிட்டால் கூட்டமே தடுமாறும். குரங்கு உடைத்த கூரைத் தகடு, மைதானத்துப் புல் வெட்டச் சிரமதானம், பெண் பிள்ளைகளின் மலசலகூடத்துக் குழாய். அந்தக் குழாய் ஒவ்வொரு கூட்டத்திலும் வரும். "அது பற்றி ஆராயப்பட்டது" என்று எழுதுவார்கள். குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

விஞ்ஞானப் பிரிவு அப்படி ஆராய்ந்து விடக்கூடிய காரியம் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை கூடுகிற பொதுக்கூட்டத்தில், வலயக் கல்விக் காரியாலயத்து அதிகாரி இருக்கும்போது, தீர்மானமாக நிறைவேற வேண்டும். அதை அவர் மாகாணத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த வருடம் புதிய பிரிவு கேட்கும் விண்ணப்பம் முடிகிற வாரத்தில்தான் நம் பொதுக்கூட்டம் விழுந்தது.

அதற்கு முந்திய செயற்குழுவில் நிகழ்ச்சி நிரல் போட்டோம். பன்வில பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா எங்கள் குழுவில் இருந்தார். அவர் மகளும் நம் அக்காவோடு படித்தவள்.

"அவரு வந்து குந்துன ஒடனே கேட்டுப்புடுவோம்" என்றார் அவர். "பெறகு நேரம் கெடைக்காது."

செயலாளர் வத்தேகமவில் கடை வைத்திருப்பவர். எல்லாரும் மொதலாளி என்றுதான் கூப்பிடுவோம். அவர் பேனாவை மேசையில் வைத்தார். "என்னாக்கா நீங்க! வந்த மனுசன் ஒரு வாய் தண்ணி குடிக்கிறதுக்குள்ள கைய நீட்டுறதா? நம்மள என்னான்னு நெனைப்பாரு?"

"அவரு தண்ணி குடிக்கவா வர்றாரு?"

"ஒங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தா வாசல்லயே வச்சு சீர் பேசுவீங்க போல."

"பேசுவேன் மொதலாளி. பேசாம விட்டதாலதான் என் மூத்தவ இன்னும் வீட்டுல இருக்கா."

வகுப்பே சிரித்தது. அவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்த பிறகு அவருடைய பேச்சை யாரும் எடுக்கவில்லை. "கோரிக்கை 'ஏனைய விடயங்கள்'ல வரட்டும். அதுதான் முறை. சாப்பிட்டு மனசு குளுந்திருக்கிற நேரம் கேட்டா மறுக்கமாட்டாரு" என்றார் அதிபர். முன்மொழிகிறவர் முன்மொழிந்தார், வழிமொழிகிறவர் வழிமொழிந்தார். பெற்றோர் சார்பில் பேச என்னைப் போட்டார்கள்.

நான் ஆணி, பூட்டு, பெயின்ட் விற்கிறவன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. கடையில் ஆள் இல்லாத நேரம் பெயின்ட் டின்களுக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்ப்பேன். வீட்டில் அக்கா திருத்துவாள். "'பண்ணித் தாங்க'ன்னு கேக்காதீங்கப்பா. 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்'னு சொல்லுங்க." அந்த வரியை இன்றைக்கும் என்னால் தூக்கத்தில் சொல்ல முடியும்.

பொதுக்கூட்டத்தன்று மழை பிடித்துக்கொண்டது. அதிகாரி பிந்தித்தான் வந்தார். சிங்களவர். தமிழ் படித்திருந்தார், நிதானமாகப் பேசுவார், நல்ல மனிதர். வாசலில் அக்காவும் இன்னும் சில பிள்ளைகளும் சாரி கட்டி நின்றார்கள். அக்கா கையில் பன்னீர்ச் செம்பு. தெளிக்கும்போது அவர் முகத்தையே பார்த்தாள். இந்த மனிதர்தான் அவளுடைய வகுப்பைத் திறக்கப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

மாலை போட்டோம். அவருக்கு மட்டும் போட்டால் மற்றவர்கள் கோபிப்பார்கள் என்று மேடையில் இருந்த எல்லாருக்கும் போட்டோம். விளக்கேற்றினோம். வந்த காற்று அதை அணைக்க, திரும்ப ஏற்றினோம். வரவேற்பு நடனம் ஒன்று. பாட்டு நடுவில் நின்றுவிட, பிள்ளைகள் பாவம் என்று முதலிலிருந்து ஆட விட்டோம். வரவேற்புரை, பொன்னாடை. பிறகு வடை, கேசரி, வாழைப்பழம், பால் டீ. "இன்னொரு வட போடுங்க சேருக்கு" என்று மொதலாளி பக்கத்தில் நின்று கவனித்தார். அதிகாரி கையால் மறைத்தார். அந்தக் கையைத் தாண்டி ஒரு வடை விழுந்தது.

அறிக்கை வாசிக்க ஆரம்பித்தபோது அவர் போனைப் பார்த்தார். அதிபரின் காதில் ஏதோ சொன்னார். பன்வில பக்கம் இன்னொரு பாடசாலையில் அவருக்காகக் காத்திருந்தார்கள். எழுந்தார். நானும் எழுந்தேன். என் வாயில் அந்த வரி தயாராக இருந்தது.

அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "சேர் அவசரமாகப் போக வேண்டியிருப்பதால், நன்றியுரையை முன்னுக்கு எடுப்போம்" என்றார்.

நன்றி சொல்லாமல் ஒரு விருந்தாளியை எப்படி அனுப்புவது? யாருக்கும் அது பிழையாகப் படவில்லை. மொதலாளி நன்றியுரை சொன்னார். மழைக்கும் நன்றி சொன்னார், வடை சுட்டவர்களுக்கும் சொன்னார். "இத்துடன் கூட்டம் நிறைவு பெறுகிறது" என்று பழக்கத்தில் முடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். கொழுந்து எடுக்கிற அக்கா மட்டும் தட்டவில்லை.

நான் ஜீப் வரைக்கும் நனைந்துகொண்டே ஓடினேன். "சேர், உயர்தரம் விஞ்ஞானப் பிரிவு..." என்றேன். படித்த வரி போய்விட்டது. "பண்ணித் தாங்க சேர்" என்றுதான் வந்தது.

அவர் நின்றார். "ஐயோ மாத்தயா, இத ஏன் உள்ளுக்குச் சொல்லல்ல? தீர்மானமா போட்டிருந்தா நாளைக்கே மாகாணத்துக்கு அனுப்பியிருப்பன்."

"கடைசில சொல்ல இருந்தோம் சேர்."

"கூட்டம் முடிஞ்சிட்டு தானே. நன்றியும் சொல்லிட்டாங்க. முடிஞ்ச கூட்டத்துக்கு நான் எப்படி தீர்மானம் எழுதுறது?" அவருக்கு உண்மையிலேயே கவலை. "அடுத்த பொதுக்கூட்டத்துல போடுங்க. நான் இருந்தா கட்டாயம் செய்வன்."

பின்னால் யாரோ ஒரு வாழைக்குலையை ஜீப்பில் ஏற்றினார்கள்.

திரும்பி வந்தேன். அக்கா வாசலிலேயே நின்றாள். செம்பு இன்னும் கையில். என் முகத்தைப் பார்த்தாள்.

"சேர் நல்லா சாப்புட்டாராப்பா?"

"சாப்புட்டாரும்மா" என்றேன்.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த வருடப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது, வகுப்பும் திறந்தது. தம்பி, நீ இன்றைக்கு உட்கார்ந்து படிக்கிறது அந்த வகுப்பில்தான். அக்காவோ அதற்குள் கலைப் பிரிவில் சேர்ந்து, மனம் ஒட்டாமல், நடுவில் நின்றுவிட்டாள். தவளைப் படத்தை அவளே கழற்றினாள். சுவரில் பசை பிடித்த இடத்தை உங்கள் அம்மா இன்னும் துடைக்காமல் வைத்திருக்கிறாள்.

அன்றைக்கு யாரும் நமக்குக் கெடுதல் நினைக்கவில்லை. எல்லாரும் மரியாதையாகத்தான் நடந்தோம். நினைக்கும்போது அதுதான் எனக்கு ஆறவில்லை. இனியும் நான் டீ வருவதற்கு முன்னால் எழுந்திருப்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், நீங்கள் கோபிக்காதீர்கள்.

அக்கா இப்போது கண்டியில், டியூஷன் வகுப்புகளுக்கு நோட்ஸ் அடித்துக் கொடுக்கிற கடையில் வேலை செய்கிறாள். ஒருநாள் நானும் கண்டியிலிருந்து அவள் ஏறிய பஸ்ஸிலேயே வந்தேன். நான் பின் சீட்டில் இருந்ததை அவள் காணவில்லை. மடியில் உயிரியல் நோட்ஸ். வத்தேகம வரும்வரை தலை நிமிராமல் வாசித்தாள். படம் வந்த பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நான் கூப்பிடவில்லை. இறங்குவதற்கு முன் அதை ஒழுங்காக அடுக்கிப் பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து உன்னிடம்தான் நீட்டினாள். "இந்தாடா தம்பி, கடையில மிஞ்சிப் போச்சு."