தண்ணீர்த் தொட்டியின் நிழல்

மாடிகளில் சோலார் பேனல் பொருத்துவது அவன் தொழில். கைவேலையில் கெட்டிக்காரன், வாய் அதற்கு மேல். தெருவில் அவனுக்கு ‘வெயில்காரன்’ என்றே பெயர்.

“சிலிக்கான் மேல வெயில் பட்டா உள்ளே இருக்கிற எலக்ட்ரான் எல்லாம் கிளம்பி ஓடும். அந்த ஓட்டம்தான் கரண்ட். எரிக்கவும் வேண்டாம், புகையும் இல்லை” என்று ஆரம்பித்தானானால், வேடிக்கை பார்க்க வந்தவரும் பேனல் மாட்டிக்கொண்டுதான் போவார்.

அக்காவின் தையல் கடை மாடியிலும் அவனே மாட்டினான். அது கோடைக்காலம். சூரியன் உச்சியில் நின்றது, பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் அதன் காலடியிலேயே கிடந்தது. தையல் மெஷின் மோட்டார் பறந்தது. கடைக்கு யார் வந்தாலும் அக்காவுக்குத் தம்பி புராணம்தான்.

குளிர்காலம் வந்தது. மதியத்துக்கு மேல் மோட்டார் இழுக்கவில்லை என்று அக்கா போன் செய்தாள். அப்போது அவன் வேறொரு மாடியில், வேலையாட்கள் நடுவில் நின்றிருந்தான்.

“நாள் பூரா இஸ்திரிப் பெட்டியைப் போட்டு வச்சிட்டு என் தலையை உருட்டாதே” என்று எல்லார் காதிலும் விழும்படி எரிந்து விழுந்தான். போய்ப் பார்க்கவும் இல்லை.

பல வாரம் கழித்து, சட்டை தைக்கத் துணியோடு போனான். அக்கா மெஷினைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். முழங்காலில் துணிக்கட்டு.

“என்னக்கா இது?”

“மோட்டாரைக் கழட்டிட்டேன்டா. நான்தான் கரண்டைத் தின்னு தீர்க்கிறேனே!”

அவன் மாடி ஏறினான். சாய்ந்த வெயிலில் தொட்டியின் நிழல் நீண்டு, பேனல்களின் கீழ்வரிசையில் படுத்திருந்தது. பேனலுக்குள் இருக்கும் செல்கள் ஒன்றோடொன்று கோத்தவை. வரிசையாக நின்று வாளி கைமாற்றும்போது ஒருவர் கை தளர்ந்தால் மொத்த வரிசையும் தேங்கிவிடுகிற மாதிரி, சில செல்கள் இருண்டாலும் மற்றவற்றின் கரண்ட் படுத்துவிடும். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன், குளிர்காலத்து நிழல் எங்கே விழும் என்று யோசிக்கவே இல்லை. காது மடல் சுட்டது.

கீழே வந்தவனிடம் அக்கா, “என் தப்புதானே?” என்றாள். கடையில் இரண்டு பேர் அளவு கொடுக்கக் காத்திருந்தார்கள்.

“கொஞ்சம் தூசி, அவ்வளவுதான்” என்று மென்று விழுங்கினான்.

“பார்த்தீங்களா? தம்பி வந்தான், கண்டுபிடிச்சுட்டான்” என்று அவர்களிடம் பூரித்தாள்.

வாசல் வரை போனவனுக்குக் கால் நகரவில்லை. திரும்பி வந்தான்.

“தூசி இல்லக்கா. தொட்டி நிழல். நான் இடம் பார்த்ததுதான் தப்பு. உன்னைத் திட்டினதும் தப்பு.”

அக்கா நூலைப் பல்லால் கடித்தறுத்தாள்.

“அன்னிக்கே ஒரு நடை வந்து பார்த்திருக்கலாமேடா” என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

மறுநாளே பேனல்களை மாடியின் எதிர்மூலைக்கு மாற்றினான். மோட்டார் பழையபடி ஓடியது. அக்காவின் முழங்கால் வீக்கம் வடியத்தான் நாளானது. அதுவரை தினமும் கடைக்குப் போனான், வெட்டிய துணியை மடித்து வைத்தான், அவள் முகத்தை மட்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.