மலைச்சாலையில் வைத்த மீன் குழம்பு

எங்கள் பக்கத்தில், அதாவது திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும், வண்டி நின்றால் நின்றதுதான். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். வரிசை எப்போது நகரும் என்பது ஓட்டுபவனுக்கும் தெரியாது, துறைமுக வாசலில் நிற்பவருக்கும் தெரியாது. அதனால் எஞ்சினை அணைத்ததும் எங்களுக்கு அடுத்த வேலை அடுப்பைப் பற்றவைப்பது. ட்ரெய்லருக்கு அடியில் நல்ல நிழல் இருக்கும், காற்றையும் தடுக்கும். நான் சாப்பிட்ட ருசியான சாப்பாட்டில் பாதி சக்கரங்களுக்கு நடுவில் சமைத்ததுதான்.

இந்தப் பழக்கத்தை அப்படியே மலைக்கும் கொண்டுபோனோம் நானும் என் மச்சானும். மச்சான் என் மனைவியின் தம்பி. வண்டியும் ஓட்டுவான், வாயும் ஓட்டுவான். மழையில் சிதைந்துபோன ஒரு மலைச்சாலையைப் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே ஓர் ஓடை சாலையையே அறுத்துக்கொண்டு போயிருந்தது. அதன் குறுக்கே வைக்க தண்டையார்பேட்டைப் பட்டறையில் ஓர் இரும்புப் பாலம் செய்து, இரண்டு துண்டாக எங்கள் லாரியில் ஏற்றினார்கள். எனக்குத் தெரிந்த உயரம் எங்கள் ஊர் மேம்பாலம்தான். மலையைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். மச்சானிடம் சொல்வேனா? பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினேன்.

பாதி மலையில் சிவப்புக் கொடி. பாதிச் சாலையை வெட்டிப் போட்டிருந்ததால் ஒரு சமயத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போக முடியும். கீழ்முனையில் ஒரு பெண் கொடி பிடித்து நின்றார். மேல்முனையில், எதிர்ச்சரிவில் தெரியும் வளைவில், ஒருவர் நின்றார். இந்தப் பெண் அவரைப் பார்த்துப் பச்சையை ஆட்டினால் அங்கிருந்து வண்டிகள் இறங்கும்.

"மாமு, நின்னுச்சில்ல? இனி நாளைக்குத்தான். நீ படு, நான் கொழம்பு வெக்கிறேன்" என்றான் மச்சான். காசிமேட்டில் வாங்கிய சங்கரா மீன் ஐஸ் பெட்டியில் இருந்தது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

லாரிக்கு அடியில் குழம்பு கொதிக்க ஆரம்பித்தபோது வரிசை முழுக்க ஹாரன் அடித்தது. எங்களுக்கு ஹாரன் என்றால் தாலாட்டு. கொடிக்காரப் பெண்ணே இறங்கி வந்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, பச்சை காட்டி எத்தனை நேரமாச்சுங்க? நடுரோட்டுல உக்காந்து என்னங்க பண்றீங்க? அறிவு இருக்குதுங்களா?"

திட்டும்போதும் 'ங்க' போட்டுத் திட்டினார். எங்கள் ஊரில் இத்தனை மரியாதை மேடையில்கூடக் கிடைக்காது.

"இன்னாக்கா, ஒரு கொதி வந்துச்சுன்னா எறக்கிடுவேன்" என்றான் மச்சான்.

அவர் லாரியில் இருந்த இரும்பைப் பார்த்தார். குரல் மாறியது. "இதுங்களா அந்தப் பாலம்? மேல கிரேன் இன்னிக்குச் சாயங்காலம் வேற வேலைக்குப் போயிருமுங்க. அப்புறம் எப்ப வருமோ. என்ற வீடு அந்தப் பக்கமுங்க. தினமும் ஓடையில எறங்கித்தான் ஏறிப் போறேன். பொண்ணு அக்கரையில நின்னு பாத்துட்டே இருப்பா. அடுத்த மழை வந்தா அதுவும் முடியாதுங்க."

எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தேன். மச்சான் குழம்பை விட்டு வரமாட்டேன் என்றான். "நீ போ மாமு, பின்னால எதுலயாச்சும் தொத்திக்கினு வரேன்." லாரி நகர்ந்த பிறகு நடுச்சாலையில் அடுப்பும் சட்டியும் அவனுமாக உட்கார்ந்திருந்தான். பால் வண்டியும் ஜீப்பும் அவனைச் சுற்றிக்கொண்டு என் பின்னால் வந்தன.

குறுகலில் பாதி தூரம் போயிருப்பேன். எதிரே ஒரு பேருந்து இறங்கி வந்து மூக்கோடு மூக்காக நின்றது. ஓடைவரை போய்த் திரும்பும் பேருந்து. அதை யார் விட்டது? மச்சான்தான். சாப்பிட வைத்திருந்த வாழையிலையைக் கழுவி, எழுந்து நின்று, நன்றாக வீசித் தண்ணீர் உதறியிருக்கிறான். மேலே நின்றவர் பச்சைக் கொடி என்று நினைத்துப் பேருந்தை அனுப்பிவிட்டார்.

"பின்னால எடுங்க" என்றார் பேருந்து ஓட்டுநர்.

"பின்னால இன்னா கீதுன்னு பாரு நைனா! பால் வண்டி, அப்பால ஜீப்பு. நான் எங்க போறது, பள்ளத்துலயா?"

"நான் மேட்டுல ரிவர்ஸ் எடுக்கோணுமாங்க? அதெல்லாம் ஆவாதுங்க."

பயணிகள் இறங்கி இரண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டார்கள். நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டேனே தவிர, கண் சூரியன் மேலேயே இருந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கிரேன் போய்விட்டால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது?

அப்போது ஒரு பைக்கின் பின்சீட்டில், மடியில் குழம்புச் சட்டியோடு, மாப்பிள்ளை ஊர்வலத்தில் வருகிறவன்போல் மச்சான் வந்து இறங்கினான். வாசனை பேருந்துக்குள் புகுந்தது. சண்டை அப்படியே நின்றது.

"கடல் மீனுங்களா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"சங்கரா. நேத்து கடல்ல இருந்துச்சு, இன்னிக்கு ஒன் மலைல கீது. பஸ்ஸ பின்னால எடு, உனக்குத் தலைத் துண்டு."

அவர் மீசையைத் தடவினார். "நடுத்துண்டு குடுங்க" என்றார்.

பேருந்து பின்வாங்கி மலையேறியது. பயணிகள் பின்னால் நடந்து "வரலாம், வரலாம்" என்று கத்தினார்கள். மச்சான் பேருந்துப் படியில் தொங்கிக்கொண்டு, மறு கையில் சட்டியைப் பிடித்தபடி, "ரைட்ல ஒடி, ரைட்ல ஒடி" என்றான். நான் கீழே பார்க்காமல் அந்தச் சட்டியை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

கிரேன்காரர் கிளம்பத் தயாராக இருந்தார். பின்பக்கமாக வரும் பேருந்தையும் அதன் பின்னால் எங்கள் பாலத்தையும் பார்த்து எஞ்சினை அணைத்தார். "கொழம்ப மோந்து பாத்துட்டுப் போ தோஸ்து" என்றான் மச்சான். மோந்து பார்த்தவர் சாப்பிட்டார். சாப்பிட்டவர் பாலத்தை இறக்காமல் போக முடியுமா? பாவம் மச்சானுக்குச் சட்டிதான் மிஞ்சியது.

இரண்டு துண்டும் ஓடைக்கு மேல் உட்கார்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வண்டி போக இன்னும் வேலை பாக்கி இருந்தது, ஆள் நடக்கலாம் என்றார்கள். கொடிக்காரப் பெண் வேலை முடிந்து மேலே வந்தார். முதலில் அவரைத்தான் விட்டார்கள். இரும்பை ஒரு கையால் தொட்டுக்கொண்டே நடந்தார். உயரத்துக்குப் பயந்த நானும் விளிம்புவரை போய் நின்று பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அக்கரையில் ஒரு சின்னப் பெண் பழக்கப்படி ஓடைக்குள்ளேயே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா பக்கத்தில் வந்து தொட்ட பிறகுதான் திரும்பினாள். அம்மாவின் முழங்காலைப் பார்த்தாள், உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், சேலையில் சேறு இருக்கிறதா என்று தேடினாள்.

"இன்னிக்கு நீ விழலியாம்மா?"

"இல்ல கண்ணு. நடந்தே வந்துட்டேன்."