ஐஸ் கம்பெனியின் சூடு

ஐஸ் கம்பெனி நடத்தும் எனக்கு யாரையும் எளிதில் நம்ப வராது. பக்கத்துக் கட்டடத்து பிசியோதெரபி டாக்டர் வந்து, "அண்ணே, உங்க மெஷின் வெளிய தள்ளுற சூட்டை எங்க தொட்டித் தண்ணிக்குக் குடுங்க. ரெண்டு பேருக்கும் கரண்டு மிச்சம்" என்று சிரித்தபோதே எனக்குச் சுருக்கென்றது. சும்மா எவன் நல்லது செய்வான்?

மனைவிக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். பக்கவாதத்தில் அவளுடைய வலது கை விழுந்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் நின்று பயிற்சி செய்தால் கை வரும் என்றார் டாக்டர். குழாய் போட்டார்கள். அதுவரை மெஷினின் சூட்டை மாடியில் ஆற்றிக்கொண்டிருந்த கூலிங் டவரை நிறுத்தினார்கள். ஒரே மாதத்தில் அவள் கை தோள்வரை ஏறியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்படியும் சந்தேகப் புத்தி போகவில்லை. மார்கழியில் ஒருநாள் ஐஸ் கட்டி நடுவில் உறையாமல் இருந்தது. பூப்பெட்டிக்கு ஐஸ் வாங்க வந்தவர் முகம் சுளித்தார். முந்தின நாள் கரண்டு போனதை வசதியாக மறந்துவிட்டு, டாக்டர்தான் என் மெஷினின் சத்தை உறிஞ்சுகிறார் என்று முடிவுகட்டினேன். யாருக்கும் தெரியாமல் குழாயின் வால்வை அரைத் திருப்பு மூடினேன். மறுநாள் கட்டி இன்னும் மோசம். சந்தேகம் உறுதியானது, இன்னும் கொஞ்சம் மூடினேன். தொட்டி ஆறிப்போகிறது என்று டாக்டர் இரண்டு தடவை வந்தார். "பனிக்காலம்ல" என்று அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது வாரம் மெஷின் சூடேறி நின்றேவிட்டது. டாக்டரின் குட்டு உடையப்போகிறது என்ற குஷியோடு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் வால்வைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாருண்ணே இத மூடுனது? சூடு வெளிய போனாத்தானே உள்ள குளுரும்? டவரும் ஓடல. அம்புட்டு சூடும் எங்க போகும்?"

வால்வைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மடியில் கிடந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி குளுந்துதான் கெடந்துச்சு. நான் தண்ணியச் சந்தேகப்படலைங்க. கை மறுபடி வெறச்சுப்போச்சு, இனிமே வராதுன்னு நெனச்சுட்டேன். நாளையிலருந்து வரமாட்டேன்னு டாக்டர்ட்ட காலையிலதான் சொல்லிட்டு வந்தேன்."